அறுபது விழுக்காடு தள்ளுபடி: எந்த விலையிலிருந்து?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓசூரில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பொங்கலுக்கு முன் குடும்பத்தோடு பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் உள்ள ஃபேக்டரி அவுட்லெட் கடைகளுக்குச் சென்றிருந்தோம். ஒரு பெயர்பெற்ற நிறுவனத்தின் கடையில் 2,999 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சட்டைகள் இரண்டை 60 விழுக்காடு தள்ளுபடியில் கணவருக்கு வாங்கினோம். தள்ளுபடி போக 1,199.60 ரூபாய் என்று காட்டிவிட்டு, அதற்கு மேல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைத் தனியாகச் சேர்த்து பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து, சென்ற ஆண்டு அதே நிறுவனத்தின் மால் கடையில் வாங்கிய சட்டையோடு வைத்துப் பார்த்தால் புதியது மெல்லியதாக இருக்கிறது. வேறொரு கடையில் மகனுக்கு 4,999 ரூபாய் ஷூவைப் பாதி விலைக்கு வாங்கினோம். அங்கே வரி தனியாகப் போடவில்லை. அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கிறார்கள் என்கிறார் கணவர். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கையும் அங்கே அப்படித்தான் என்கிறாள். இந்தத் தள்ளுபடிகள் உண்மையானவைதாமா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது? பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. அவுட்லெட் கடைகளுக்கென்றே தைக்கப்படும் சரக்கு இந்தியாவிலும் உண்டு. ஆடை நிறுவனங்களின் கொள்முதலிலும் விலை நிர்ணயத்திலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அத்தகைய சரக்குக்கான ஆர்டர்களை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனால், அதை வைத்து நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்ற முடிவுக்கு உடனே வந்துவிட வேண்டாம். ‘தள்ளுபடி உண்மையா’ என்று நீங்கள் கேட்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த 2,999 ரூபாயை யாராவது எப்போதாவது கொடுத்து வாங்கியிருக்கிறார்களா என்பது ஒன்று. கொடுத்திருந்தால், இதே துணியில் இதே தையலில் வந்த சட்டைக்குத்தான் கொடுத்தார்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்ற பதில் இருந்தால் மட்டுமே 60 விழுக்காடு என்பதற்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிட்டு, இந்தச் சட்டை நான் கொடுத்த பணத்துக்குப் பெறுமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

முதலில் எம்.ஆர்.பி.யை எடுத்துக்கொள்வோம். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி அச்சிடப்படும் இந்த விலை, எல்லா வரிகளும் உள்ளடங்கிய ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் அந்த உச்சவரம்பை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கு, மருந்து போன்ற சில பொருள்களைத் தவிர, கட்டுப்பாடு ஏதும் கிடையாது. ஒரு சட்டைக்கு 1,999 என்று போடுவதும் 2,999 என்று போடுவதும் நிறுவனத்தின் விருப்பம். பெயர்பெற்ற நிறுவனங்களின் ஆடைகளில், தைத்து முடித்த அடக்க விலையைப் போல் நான்கு, ஐந்து மடங்கை எம்.ஆர்.பி.யாக வைப்பது இத்துறையில் சாதாரணம். மால் வாடகை, விளம்பரம், கடைக்காரரின் பங்கு, விற்காமல் தேங்கும் சரக்கின் நட்டம் ஆகிய எல்லாமே அந்த மடங்குக்குள் அடக்கம். பின்னால் கொடுக்கப்போகும் தள்ளுபடியும் அதற்குள்தான் இருக்கிறது. முழு விலைக்கு எத்தனை உருப்படி போகும், பாதி விலைக்கு எத்தனை போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணை முடிவு செய்வார்கள்.

ஆகவே ஒப்பிட வேண்டியது எம்.ஆர்.பி.யோடு அல்ல, அந்தப் பொருள் உண்மையில் எந்த விலைக்கு ஓடுகிறதோ அதனோடுதான். நம் நாட்டில் ஆடை நிறுவனங்களின் முதன்மைக் கடைகளிலேயே ஆண்டுக்கு இருமுறை, ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரையிலும் டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலும், பருவ முடிவுத் தள்ளுபடி நடக்கிறது. அப்போது மாலிலேயே 40, 50 விழுக்காடு குறைத்துக் கொடுப்பார்கள். அளவும் நிறமும் ஓரளவு கிடைக்கும். நீங்கள் வாங்கிய சட்டை உண்மையிலேயே மாலில் தொங்கியது என்றே வைத்துக்கொள்வோம். பருவ முடிவில் பாதி விலைக்கு அது 1,499.50 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். அவுட்லெட்டில் 1,199.60 (தனியாகப் போட்ட வரிக்குப் பின்னால் வருகிறேன்). ஆகவே உங்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் சுமார் 300 ரூபாய், அதாவது 20 விழுக்காடு. அறுபது என்று எழுதியிருந்த பலகை சொல்லாத எண் இதுதான். இரண்டு சட்டைக்கு 600 ரூபாய் லாபம் என்றால், ஓசூரிலிருந்து காரில் போய்வந்த பெட்ரோலையும், போன இடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்ட செலவையும் நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும் விலையை அறிவதற்கு ஓர் எளிய வழி, டேக்கில் எம்.ஆர்.பி.க்கு அருகே அச்சிட்டிருக்கும் ஸ்டைல் எண்ணைக் கடையில் நின்றபடியே கைபேசியில் தேடிப் பார்ப்பது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ பெரிய இணைய அங்காடிகளிலோ அதே எண் வந்தால், இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளின் தேதிகளைப் பார்த்தால் எத்தனை காலமாக அது சந்தையில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆண்டு முழுதும் 50 விழுக்காடு குறைவாகவே அங்கே அது விற்கப்படுகிறது என்றால், எம்.ஆர்.பி. என்பது பேருக்குத்தான். எண் எங்குமே அகப்படவில்லை என்றால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய சரக்கைத் தளத்திலிருந்து நீக்கியிருக்கலாம். அது அவுட்லெட்டைத் தவிர வேறெங்கும் விற்கப்படாத சரக்காகவும் இருக்கலாம்.

அந்த இரண்டில் எது என்பதைக் கடையின் அடுக்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவுட்லெட்டுக்கு வரும் சரக்கில் மூன்று வகை உண்டு: முதன்மைக் கடைகளில் விற்றது போக மிஞ்சியது, தரச் சோதனையில் தள்ளப்பட்ட செகண்ட்ஸ், அவுட்லெட்டுக்கென்றே செய்தது. மிஞ்சிய சரக்கு ஒருபோதும் ஒழுங்காக வருவதில்லை. நடுத்தர அளவுகள் முன்பே விற்றுப்போயிருக்கும். 38உம் 46உம் இருக்கும், 40உம் 42உம் இருக்காது. நிறமும் அப்படித்தான்: வெள்ளையும் இளநீலமும் போய், கடுகு மஞ்சளும் இளஞ்சிவப்பும் எஞ்சி நிற்கும். ஒரே அடுக்கில் பத்து விதமான சட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று உருப்படிகள் என்று கலைந்து கிடந்தால், அங்கே உண்மையான மிச்சச் சரக்கு இருக்கிறது என்று நம்பலாம். மாறாக, ஒரே சட்டை நான்கு நிறங்களில், எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எந்த அளவும் குறையாமல், சுவர் நீளத்துக்கு மடித்து அடுக்கியிருந்தால், எங்கோ விற்காமல் மிஞ்சியது இத்தனை ஒழுங்காக வந்து சேர்ந்திருக்காது. அது அந்தச் சுவருக்காகவே தைக்கப்பட்டது.

ஏன் அப்படித் தைக்கிறார்கள் என்றால், கடைகளின் எண்ணிக்கை பெருகியதுதான் காரணம். ஒரு நிறுவனத்துக்கு ஊருக்கு ஒன்றாகச் சில அவுட்லெட்டுகள் இருந்தபோது மிச்சச் சரக்கே போதுமானதாக இருந்தது. நெடுஞ்சாலைதோறும் கடை வந்தபின், தேங்கிய சரக்கை மட்டும் வைத்து அடுக்குகளை நிரப்ப முடியாது. தேடி வந்தவர் தம் அளவு கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் கடைக்கு வாடகை கட்டுப்படியாகாது. ஆகவே குறைந்த எடையுள்ள துணியில், எளிய தையலில், அதே பெயரோடு ஒரு வரிசையைத் தனியாகச் செய்து அனுப்புகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்கு ஏற்ற சட்டையை ஆயிரம் ரூபாய்க்கு விற்பது நேர்மையான வணிகமே. அதன்மேல் எவரும் கொடுத்திராத, கொடுக்கவும் போகாத 2,999 என்ற விலையை ஒட்டி, அதிலிருந்து 60 விழுக்காடு குறைத்ததாகச் சொல்வதுதான் நேர்மையற்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வழக்கமான விலையைச் சுட்டி ‘சலுகை விலை’ என்று விளம்பரம் செய்துவிட்டு, உண்மையில் சலுகையாக விற்கும் எண்ணமில்லாதிருப்பதை முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் வழக்கமான விலை எது என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுவதால், இந்தக் காரணத்துக்காகக் கடையை எதிர்த்துப் போவது எளிதன்று.

டேக்கையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மாலிலிருந்து திரும்பி வந்த சரக்கில் பழைய டேக் அப்படியே இருக்கும். பல கைகள் பட்டு முனை மடங்கியிருக்கும். சில சமயம் குறைத்த விலை தனி ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் நிறுவனம் முதலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை அது மறைக்கக் கூடாது. பழைய விலையின் மேலேயே புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், குறிப்பாக அடியில் இருப்பது மேலே இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் கடையில் எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் பெட்டியிலும் பொட்டலத்திலும் வரும் பொருள்களில் இருக்க வேண்டும். திறந்த நிலையில் தொங்கவிட்டு விற்கும் ஆடைகளுக்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டதால், சட்டையில் அது இல்லையென்று குறை சொல்ல இயலாது. ஷூ பெட்டியில் இல்லையென்றால் கேட்கலாம்.

செகண்ட்ஸைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டருக்குச் சில விழுக்காடு கூடுதலாக வெட்டித் தைப்பதும், மிஞ்சியதும் ரிஜெக்ட் ஆனதும் லேபிள் வெட்டப்பட்டுக் காதர்பேட்டைக் கடைகளுக்கு வருவதும் எல்லோரும் அறிந்ததே. அங்கே விழுக்காடு எழுதிய பலகை இருப்பதில்லை. கையில் எடுத்துப் பார்த்து, குறையைக் கண்டுபிடித்து, விலை பேசி வாங்குகிறோம். நிறுவன அவுட்லெட்டில் செகண்ட்ஸ் வாங்கும்போதும் அதே கண் வேண்டும். குறை எது என்று விற்பனையாளரையே காட்டச் சொல்லுங்கள். நிற வேறுபாடு, இடம் மாறிய பிரிண்ட் போன்றவை உடுத்துவதற்குத் தடையாகாது. துணியில் இழை விட்டுப்போயிருந்தாலோ ஒரு கை மற்றதைவிட நீளமாக இருந்தாலோ எந்த விலைக்கும் வேண்டாம்.

இப்போது நீங்கள் வீட்டில் செய்த ஒப்பீட்டுக்கு வருகிறேன். பழைய சட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா, அதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. கையில் மெல்லியதாகப் படுவது மட்டும் போதாது. கோடைக்கென்று மெல்லிய துணியில் உயர்ந்த விலைச் சட்டைகளும் வருகின்றன. இரண்டையும் உள்புறமாகத் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். நல்ல சட்டையில் துணியின் ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே மடித்து அழுத்தித் தைத்திருப்பார்கள். செலவைக் குறைத்த சட்டையில் ஓரத்தில் ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) மட்டும் ஓடியிருக்கும். ஓர் அங்குல நீளத்துக்கு அளவுகோலை வைத்துத் தையல்களை எண்ணிப் பாருங்கள்: முழு விலைக்கு விற்கும் நல்ல சட்டையில் 14க்கு மேல் இருக்கும், அவசரத் தையலில் ஒன்பது, பத்தோடு நின்றுவிடும். அடுத்ததாகக் காஜா. அதன் விளிம்பு நெருக்கமாக, பிசிறில்லாமல் இருக்கிறதா, நடுவில் வெட்டிய இடத்தில் நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டம் போட்ட துணி என்றால் முன்பட்டியின் இருபுறமும், பாக்கெட்டும் உடம்பும் சேரும் இடத்திலும் கட்டங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருத்தி வெட்டினால் துணி அதிகம் செலவாகும் என்பதால், சிக்கனம் முதலில் அங்கேதான் தெரியும். காலரை இரு விரலால் கசக்கிப் பார்த்தால் உள்ளே வைத்த கேன்வாஸ் துணியோடு ஒட்டியிருக்கிறதா, தனியே நழுவுகிறதா என்பது புலப்படும். நழுவினால் நாலைந்து சலவையில் காலர் கொப்புளித்துக்கொள்ளும்.

துணியின் கலவை உள் லேபிளில் இருக்கும். மால் சட்டையில் முழுப் பருத்தி என்றும், இதில் பருத்தியும் பாலியெஸ்டரும் என்றும் இருந்தால், பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு என்பது அந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது. லேபிளின்மேல் சந்தேகம் இருந்தால், உள்மடிப்பிலிருந்து துணியின் ஓர் இழையை உருவிச் சுடரில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். தைத்த நூல் பாலியெஸ்டராக இருப்பது வழக்கம் என்பதால், அதை உருவிவிடாதீர்கள். பனியன் துணி டி-ஷர்ட்டுகளுக்கு எடைதான் முக்கியம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்பார்கள்: 180 ஜி.எஸ்.எம். துணியும் 140 ஜி.எஸ்.எம். துணியும் அடுக்கில் ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒரு கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லியதில் விரல்களை எண்ணிவிடலாம்.

இந்தச் சோதனைகளில் உங்கள் புதிய சட்டை பெரும்பாலும் தேறிவிட்டால், துணி கொஞ்சம் மெல்லியதாக இருந்தாலும், வரியோடு சேர்த்து நீங்கள் கொடுத்த 1,260 ரூபாய்க்கு அது நட்டமில்லை. தேறவில்லையென்றால், ஓசூரிலேயே பெயரில்லாத கடையில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டையை, நெஞ்சில் ஒரு சிறு எம்ப்ராய்டரிக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

உங்கள் தங்கை சொல்வதும் உண்மைதான். சொல்லப்போனால் இந்த வழக்கமே அங்கிருந்து வந்தது. அமெரிக்காவில் எம்.ஆர்.பி. போன்ற சட்டப்பூர்வ உச்சவரம்பு இல்லை. நிறுவனமே பரிந்துரைத்த ஒரு விலையை டேக்கில் அச்சிட்டு, அதன் கீழே அவுட்லெட் விலையைப் போடுவார்கள். மாலில் ஒருநாளும் விற்காத பொருளுக்கு இப்படி ஒப்பீட்டு விலை போடுவது வாங்குவோரைத் திசைதிருப்புகிறது என்று 2014இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் மத்திய வர்த்தக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, அவுட்லெட் டேக்கில் இட்ட பரிந்துரை விலை தொடர்பான வழக்கில் மைக்கேல் கோர்ஸ் நிறுவனம் 48.8 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அங்கே ஒரு வசதி, சில நிறுவனங்கள் அவுட்லெட் வரிசைக்கு லேபிளிலேயே அடையாளம் வைக்கின்றன. ஜே.குரூ என்ற ஆடை நிறுவனத்தின் ஃபேக்டரி ஆடைகளில் பெயருக்குக் கீழே இரண்டு சிறிய வைர வடிவக் குறிகள் இருக்கும். உங்கள் தங்கை ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருள்களில் இதைத் தேடிப் பார்க்கலாம். நம் நாட்டு நிறுவனங்கள் எல்லாமே இவ்வாறு வேறுபடுத்திக் காட்டினால் எனக்கு இத்தனை நீளமாக எழுதும் வேலை இருக்காது.

மகனின் ஷூவைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு உண்மையில் கவலை அதில்தான். சட்டை பழைய சரக்காக இருந்தால் நட்டமில்லை, ஷூவில் அப்படியில்லை. பல ஷூக்களின் அடிப்பகுதி பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்யப்படுகிறது. எடை குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதனோடு வினைபுரிந்து, போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் அது உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் ஷூவின் அடி, போட்டுக்கொண்டு நடந்த முதல் வாரத்திலேயே பழைய ரொட்டிபோல் உதிர்ந்து விழுவதற்குக் காரணம் இதுதான். ஈரக்காற்று அதிகமுள்ள கடலோர ஊர்க் கிடங்குகளில் இருந்த சரக்கில் இது விரைவாகவே நடக்கும். ஆகவே பெட்டியிலுள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் இன்றே பாருங்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்றால் கவலை வேண்டாம். மூன்றாண்டுக்கு மேல் என்றால், அடியை நன்றாக வளைத்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தினால் பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ உடனே கடைக்குத் திருப்ப வேண்டும். ரப்பர் அடியிலும், விளையாட்டு ஷூக்களில் வரும் ஈ.வி.ஏ. என்ற நுரைப் பொருளாலான அடியிலும் இந்தத் தொல்லை இல்லை. அவுட்லெட்டில் பாதி விலைக்குத் துணிந்து வாங்கக்கூடியவை அவைதாம். தோல் ஷூ வேண்டுமானால், உங்களுக்கு எட்டும் தொலைவிலேயே ஆம்பூர் இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலைக் கடைகளில் பெயர் இல்லாத, ஆனால் தோலும் தையலும் கண்ணுக்கு நேரே தெரியும் சரக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த ஷூவின் பாதி விலைக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ஜோடி காலணியோ ஓர் உருப்படி ஆடையோ 2,500 ரூபாய் வரை விற்றால் 5 விழுக்காடும், அதற்கு மேல் 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. வரி டேக்கில் உள்ள விலைக்கு அல்ல, விற்ற விலைக்குத்தான். 4,999 ரூபாய்க்கு விற்றால் அதில் ஏறத்தாழ 763 ரூபாய் வரி. கடைக்குச் சேர்வது 4,236. அதையே 2,499.50க்கு விற்றால் வரி வெறும் 119 ரூபாய். கடைக்குச் சேர்வது 2,380. ஆகவே உங்களுக்குக் குறைந்த 2,500 ரூபாயில் சுமார் 640 ரூபாய் அரசின் வரி குறைந்ததால் வந்தது. கடை தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தது 44 விழுக்காடுதான். உங்களுக்கு மொத்தத்தில் 2,500 ரூபாய் குறைந்ததென்னவோ உண்மை. ஆனாலும் 2,499 என்ற விலை ஏன் இத்தனை டேக்குகளில் தென்படுகிறது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

‘மூன்று வாங்கினால் இரண்டு இலவசம்’ போன்ற சலுகைகளில் அதிக விலையுள்ள மூன்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, குறைந்த விலையுள்ள இரண்டைக் கொடுப்பார்கள். ஆகவே அது அதிகபட்சம் 40 விழுக்காடு, பெரும்பாலும் அதற்கும் குறைவு. ‘50 + 20’ என்பது எழுபது அன்று, அறுபது. அடுத்த முறைக்கான கூப்பன்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் பில். இதில் நீங்கள் கேட்பதற்கு முழு நியாயம் இருக்கிறது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்தது என்று டேக்கிலேயே எழுதியிருக்கிறது. இன்றைய விகிதப்படி 2,999 ரூபாய்க்குள் 18 விழுக்காடு வரி ஏற்கெனவே இருக்கிறது. வரி சேர்ந்த விலையில் 60 விழுக்காடு குறைப்பதாக அறிவித்துவிட்டு, குறைத்த விலையின்மேல் மறுபடி 5 விழுக்காடு போட்டதால், நீங்கள் கொடுத்தது சட்டைக்கு 1,259.58 ரூபாய், கிடைத்த தள்ளுபடி 58 விழுக்காடு. இதே போன்ற ஒரு வழக்கு, ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த வாட் வரிக் காலத்தில், எம்.ஆர்.பி.யில் 40 விழுக்காடு தள்ளுபடி என்று விளம்பரம் செய்து, குறைத்த விலைக்கு வரியைத் தனியாக வாங்கிய ஒரு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. அது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டப்படிதான் வரியை வாங்கினோம் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. துணிகளைப் போட்டுக்கொடுத்த பைக்கும் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குப் பணம் கேட்பதையும் அதே ஆணையம் 2020 டிசம்பரில் முறையற்றது என்றிருக்கிறது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்காகத் திருப்பினால் கடைக்காரர் மறுக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019 சட்டத்தின்கீழ் முறையற்ற வணிகமே. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாள்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும். ஷூவின் அடி உதிர்ந்தால் இது பொருந்தும். செகண்ட்ஸ் என்று சொல்லி, குறையைக் காட்டி விற்ற பொருளில் அதே குறைக்காகக் கேட்க முடியாது. சட்டையின் துணி மெல்லியது என்பதையும் குறையாகக் கொள்ளமாட்டார்கள். அதைக் கடையிலேயே பார்த்துத்தானே வாங்கினீர்கள்.

இரண்டு சட்டைக்கும் சேர்த்து 120 ரூபாய்தான் என்பதால் இதற்காக அலைய வேண்டுமா என்று நினைப்பீர்கள். அலைய வேண்டியதில்லை. பில்லின் படத்தோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதுங்கள். முகவரி டேக்கிலேயே இருக்கும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். இந்தச் சிறு தொகைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லையென்றால், கடை கர்நாடகத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இணையவழி வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வாங்குதலுக்குக் கட்டணம் இல்லை, இரண்டாண்டு வரை காலம் உண்டு. சட்டை டேக், ஷூ பெட்டியின் பக்கவாட்டு லேபிள், இரண்டு பில்கள் ஆகியவற்றை இன்றே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகும்.